கைமுதல் யாருடைய பணம்?



இணையப் போக்கர் ஆட்டத்தில் பணக் கட்டுப்பாடு என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. சூதாட்டத்தில் என்ன கட்டுப்பாடு என்று முன்வரிசை அம்மாக்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். நியாயம்தான். ஆனால் நம் பிள்ளைகளிடம் பேசிப் பாருங்கள். "நாங்கள் நாலு நம்பர் எடுப்பவர்கள் மாதிரி இல்லை, கணக்குப் போட்டு ஆடுகிறோம், கைமுதலைக் காப்பாற்றத் தெரியும்" என்கிறார்கள். அந்தக் கணக்கைத்தான் இன்று கொஞ்சம் பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

கைமுதல் என்றால் என்ன? வீட்டுச் செலவு, கடன், சேமிப்பு எதையும் தொடாமல், முழுவதும் போனாலும் வீட்டில் அடுப்பு எரியும் என்ற நிலையில் தனியே எடுத்து வைத்த பணம். அதிலும் ஒரு மேசைக்குச் சிறு பங்கை மட்டுமே கொண்டு போக வேண்டும். ஏனென்றால் கெட்டிக்கார ஆட்டக்காரனுக்கும் சீட்டு சேராத நாட்கள் தொடர்ந்து வரும். 100 வெள்ளியில் பாதி போனால், மிச்சத்தை இரட்டிப்பாக்கினால்தான் பழைய நிலை. 90 போனாலோ, பத்து மடங்காக்க வேண்டும்.

இந்தக் கட்டுப்பாட்டை உலகுக்குக் காட்டியவர் கிறிஸ் ஃபெர்குசன் என்ற அமெரிக்கர். கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவர், 2000-ஆம் ஆண்டின் உலகப் போக்கர் சாம்பியன். 2006-இல் ஒரு காசுகூடப் போடாமல், இலவசப் போட்டிகளில் தொடங்கி 10,000 டாலர் சேர்த்துக் காட்டுகிறேன் என்றார். சாதாரண மேசைக்குக் கைமுதலில் 5 விழுக்காட்டுக்கு மேல் வைப்பதில்லை. பெரிய போட்டிகளுக்கு 2 விழுக்காடு. மேசையில் இருக்கும் பணம் கைமுதலில் 10 விழுக்காட்டைத் தாண்டினால், ஜெயித்துக்கொண்டிருந்தாலும் எழுந்துவிட வேண்டும். ஆரம்ப மாதங்களில் ஓரிரு டாலர் வரும், அதுவும் போகும், மறுபடியும் பூஜ்யம். உலகச் சாம்பியன் ஒரு டாலர் மேசையில் உட்கார்ந்திருந்தார்! 2007-இல் இலக்கைத் தொட்டார்.

நம் பையன்கள் சொல்லும் கதை இதோடு முடிந்துவிடும். இதற்குப் பிறகும் கதை இருக்கிறது.

ஃபெர்குசன் ஆடிக்காட்டிய ஃபுல் டில்ட் போக்கர் என்ற தளத்தின் இயக்குநர்களில் அவரும் ஒருவர். 2011 ஏப்ரல் 15-இல் அமெரிக்க அரசு அந்தத் தளத்தின் மீதும் வேறு சில தளங்களின் மீதும் நடவடிக்கை எடுத்தது. அவ்வாண்டு செப்டம்பரில் அரசு வழக்கறிஞர்கள் கூறிய குற்றச்சாட்டு திடுக்கிட வைத்தது. மார்ச் இறுதியில் ஆட்டக்காரர்களுக்குச் சேர வேண்டியது சுமார் 390 மில்லியன் டாலர், வங்கியில் இருந்ததோ சுமார் 60 மில்லியன். ஆட்டக்காரர்களின் பணத்தைத் தனியே வைக்காமல், நிறுவனப் பணத்தோடு கலந்து, உரிமையாளர்களுக்குப் பங்கு கொடுத்திருந்தார்கள். ஃபெர்குசன் மீதான வழக்கு 2013-இல் சமரசத்தில் முடிந்தது. அவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. அமெரிக்க ஆட்டக்காரர்களுக்குப் பணம் திரும்பத் தொடங்கியது 2014-இல்தான். 5 விழுக்காடு, 2 விழுக்காடு என்று எண்ணி எண்ணி ஆடிய ஒழுக்கமான ஆட்டக்காரரும் அந்த வரிசையில்தான் நின்றார்.

அங்கே வழக்குப் போட ஓர் அரசாங்கம் இருந்தது. நம் நாட்டில் இணையப் போக்கருக்கு உரிமம் கிடையாது. வாட்சாப்பில் வரும் ஏஜெண்டு பணம் தராமல் போனால் எந்தப் போலீஸ் நிலையத்தில் போய்ச் சொல்வீர்கள்? சொன்னால் நீங்களும் அல்லவா மாட்டுவீர்கள்!

இன்னொன்று. 1956-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் கெல்லி என்பவர் ஒரு சூத்திரம் எழுதினார். ஆட்டத்தில் உங்களுக்கு எவ்வளவு சாதகம் உண்டோ, அதற்கேற்ப முதலில் எத்தனை பங்கு வைக்கலாம் என்று அது சொல்லும். சாதகம் இல்லையென்றால் விடை பூஜ்யம், உட்காராதே என்று அர்த்தம். மேசையில் குவியும் பணத்தில் நடத்துபவர் தம் பங்கைக் கழித்துக்கொள்கிறார். சமத் திறமையுள்ள ஆறு பேர் நீண்ட நாள் ஆடினால் ஆறு பேர் பணமும் தேயும். அவர்களுக்குக் கட்டுப்பாடு செய்யும் உதவி, மெதுவாகத் தேய்வது.

இந்தச் சிம்பாங் பூலாய் வட்டாரத்தில் பலருடைய வேர் ரப்பர் தோட்டத்தில் இருக்கிறது. தோட்டத்தில் சம்பள நாளன்று மளிகைக் கடைக்காரர், துணி வியாபாரி, கள்ளுக்கடை எல்லாம் காத்திருக்கும். அதற்குள் நம் பாட்டிமார்கள் மிளகு டின்னில் கொஞ்சம், அரிசிப் பானையில் கொஞ்சம், சேலை மடிப்பில் கொஞ்சம் என்று பணத்தைப் பிரித்துவிடுவார்கள். ஃபெர்குசனுக்கு முன்பே கைமுதல் நிபுணர்கள் அவர்கள்தாம்! இன்று சம்பளம், மின்பணப்பை, ஆட்டம் எல்லாம் ஒரே கைப்பேசிக்குள். 2024 மே மாதம் முதல் ஊழியர் சேமநிதியில் மூன்றாவது கணக்கு வந்துவிட்டது. சந்தாவில் 10 விழுக்காடு அதில் சேரும். 50 வெள்ளி இருந்தாலே எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். அவசரத்துக்கு என்று கொடுத்த கதவு அது. தோற்ற இரவில் தோன்றும் அவசரமும் அவசரமாகத்தான் தெரியும்.

தமிழ்நாட்டு அரசுக்கு இந்த இரவு விஷயம் புரிந்திருக்கிறது. 2025 பிப்ரவரியில் அது கொண்டுவந்த விதிகளில், நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை பண ஆட்டம் கூடாது என்று இருந்தது. நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் விதிகள் செல்லும் என்றது. ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் இணையப் பண ஆட்டங்களையே தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்ற, அங்குள்ள பெரிய போக்கர் தளங்கள் பண ஆட்டத்தை நிறுத்தின.

சரி, நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். குறைந்தபட்சச் சம்பளம் இன்று 1,700 வெள்ளி. வாடகை, மோட்டார் தவணை, பால்மாவு, அம்மாவின் மருந்து, தம்பியின் பள்ளிப் பேருந்து. எல்லாம் போக 50 வெள்ளி மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஃபெர்குசனின் 5 விழுக்காடு போட்டால் ஒரு மேசைக்கு 2 வெள்ளி 50 காசு. அதற்கு மேல் ஒரு வெள்ளி வைத்தாலும், பையன் சொல்லும் கட்டுப்பாடு அங்கேயே உடைந்துவிட்டது. மேசையில் இருப்பது அம்மாவின் மருந்துப் பணம். மாதம் எவ்வளவு மிஞ்சுகிறது என்று எழுதி வைத்திருப்பவர்கள் இந்த மண்டபத்தில் எத்தனை பேர்? கை தூக்குங்கள், ஒலிவாங்கி உங்களிடம் வருகிறது.