ரூபாயில் நடந்த நேச வாணிபம்

(பூவிருந்தவல்லி வட்டார ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இந்தியாவுக்கும் ருஷ்யாவுக்கும் உள்ள நேசத்தைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். டில்லியிலும் மாஸ்கோவிலும் தலைவர்கள் கைகுலுக்கிய கதையை விரிக்க நான் விரும்பவில்லை. அந்த நேசத்தின் அடையாளம் நமக்கு அருகிலேயே இருக்கிறது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் முதலில் பிரிட்டிஷ் கம்பெனி ஒன்றின் துணையோடு விஜயந்தா டாங்கிகள் உருவாயின. அதன்பின் சோவியத் டி-72 டாங்கிகளும், 2009 முதல் ருஷ்ய டி-90 டாங்கிகளும் அங்கே உருவாகி வெளிவந்தன.

டாங்கியினால் உழவனுக்கு ஆவதென்ன என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நெய்வேலியைப் பாருங்கள். பழுப்பு நிலக்கரியிலிருந்து மின்சாரம் எடுக்கும் முதல் நிலையம் சோவியத் உதவியால் எழுந்து, 1962இல் இயங்கத் தொடங்கிற்று. 600 மெகாவாட் அளவுக்கு வளர்ந்து, 2020 வரை உழைத்தது. ஏற்றமும் கவலையும் ஒழிந்து கிணறுதோறும் பம்பு செட்டு வந்த காலத்தில் அந்த மின்சாரமும் நம் வயல்களுக்குத் துணை நின்றது.

இவற்றுக்கெல்லாம் விலை கொடுத்தது எப்படி? அன்னியச் செலாவணி நம்மிடம் அரிதாயிருந்தது. 1953 டிசம்பரில் கையெழுத்தான வாணிப உடன்படிக்கை அதற்கு வழி திறந்தது. நாம் ரூபாயாகக் கொடுக்கலாம். அந்த ரூபாயைக் கொண்டு அவர்கள் நம்மிடமே தேயிலை, தோல், முந்திரிப் பருப்பு, காப்பி ஆகியவற்றை வாங்கிச் செல்வார்கள். நெல்லை அளந்து கொடுத்து உப்பு வாங்கிய நம் பாட்டிமாருக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியதேயில்லை.

குறைகளையும் மறைக்கலாகாது. பரங்கிமலையிலிருந்து பூவிருந்தவல்லிக்கு வரும் சாலையிலே, நந்தம்பாக்கத்தில், சோவியத் உதவியோடு அறுவைச் சிகிச்சைக் கருவி ஆலை ஒன்று அமைந்தது. கருவிகள் சோவியத் மாதிரியில் வந்தன. நம் மருத்துவர்களின் கை பழகியதோ வேறு மாதிரி. எதிர்பார்த்த விற்பனை இல்லை. நண்பன் தைத்துத் தந்த சட்டையானாலும் அளவெடுத்துத்தான் தைக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய அடி நீலகிரியில் விழுந்தது. அங்கு விளைந்த தேயிலைக்குச் சோவியத் நாடு பெரிய வாடிக்கையாளர். 1991இல் அந்த ஒன்றியமே கலைந்தது. பழைய ரூபாய் வாணிபமும் முறிந்தது. தொண்ணூறுகளின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை சரிந்தபோது சிறு விவசாயிகள் தவித்தார்கள். அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் ஒரே வாடிக்கையாளரை நம்பிய கடைக்காரனின் நிலையே அவர்களுக்கு ஏற்பட்டது. நேசத்தில் பழுதில்லை; வேறு சந்தை தேடாததுதான் பழுது.

இப்போதைய கணக்கு தலைகீழாக இருக்கிறது. 2024-25இல் இரு நாட்டு வாணிபம் ஏறத்தாழ 6,870 கோடி டாலர். அதில் நாம் விற்றது 500 கோடி டாலருக்கும் குறைவு. கச்சா எண்ணெயும் உரமும் அங்கிருந்து வந்து குவிகின்றன. 2022 ஜூலையில் ரிசர்வ் வங்கி மீண்டும் ரூபாயில் கணக்குத் தீர்க்க வழி செய்தது. மறு ஆண்டே, நம் வங்கிகளில் சேர்ந்துவிட்ட ரூபாயைச் செலவழிக்க வழியில்லை என்று ருஷ்ய வெளிநாட்டு அமைச்சர் குறைப்பட்டார். பணம் அப்போது இங்கேதான் கிடந்தது; அதற்கு ஈடாக அவர்கள் விரும்பி வாங்கும் சரக்கைத்தான் நாம் காட்டவில்லை.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களில் பங்கு கொண்டவர்கள் இக்கூட்டத்தில் சிலர் இருக்கிறீர்கள். கூட்டம் முடிந்தபின் உங்களிடம் நான் கேட்டறிய விரும்புவது இதுவே: உங்கள் விளைபொருளில் எதைத் தரம் பிரித்து, பதப்படுத்தி, எண்ணூர்த் துறைமுகம் வரை கெடாமல் கொண்டுசேர்க்க உங்களால் இயலும்?