கணக்கொப்புவித்தல்



இவ்வரங்கிற்குத் தலைமை தாங்குமாறு அமைப்பாளர் எழுதிய கடிதம் கிடைத்த பகலில் உண்டான மகிழ்ச்சி அன்றிரவே அச்சமாயிற்று. வேதசாஸ்திரத்தில் என்னினும் ஆழ்ந்தவர்கள் முன்வரிசையில் வீற்றிருக்க, நான் இவ்வாசனத்தில் அமர்ந்திருப்பதைப் பொறுத்தருள்க. மனந்திரும்புதலும் ஆத்துமப் பொறுப்பும் என்பது மாநாட்டின் பொருள். மனந்திரும்புதலைக் குறிக்கும் மெட்டனோயா என்னும் கிரேக்கச் சொல்லின் தாற்பரியத்தையும், 1517-இல் லூத்தர் வெளியிட்ட 95 வாக்கியங்களில் முதலாவதே மனந்திரும்புதலைக் குறித்தது என்பதையும் உங்களுக்கு எடுத்துச் சொல்வது மிகை.

நான் பேச விரும்புவது ஒரு நூலைக் குறித்து. முத்துக்குளித்துறைப் பரதவரிடையே அரை நூற்றாண்டு உழைத்த அண்டிரிக் அடிகளார் 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்', 1579-இல் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' ஆகியவற்றை அச்சிட்டதை இங்குள்ள அனைவரும் அறிவர். இரண்டும் ஞானோபதேச நூல்கள். 1580-இல் கொச்சியிலேயே அச்சேறிய மூன்றாவது, பாவசங்கீர்த்தனத்திற்கான கேள்விகள் அடங்கிய 'கொம்பெசியொனாயரு' என்னும் நூல். தொலைந்ததென்று கருதப்பட்ட அதன் பிரதி ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் இருப்பதை ஆய்வாளர் கிரகாம் ஷா 1982-இல் எடுத்துரைத்த பின்பும், நான் கண்டவரையில், அச்சு வரலாற்றறிஞர் அதன் எழுத்துகளை ஆராய்ந்தார்களேயன்றி, வேதசாஸ்திரிகள் அதன் கேள்விகளை ஆராயவில்லை.

இந்நூலைப் பற்றி நான் முன்பொருமுறை எழுதியபோது, இப்போதும் இவ்வவையில் புன்னகையோடு அமர்ந்திருக்கும் நண்பரொருவர், அது குருக்கள் பாமரரை அடக்குதற்குக் கையாண்ட வினாத்தாள் என்று தீர்ப்பளித்தார். அடக்குமுறைக்கு அது பயன்பட்டிருக்கக் கூடும், மறுக்கேன். ஆயினும், கட்டளை கட்டளையாகக் கேட்டு மனச்சாட்சியைச் சோதிக்கும் முறையை, நண்பர் போற்றும் லூத்தரே 1529-இல் தம் சிறிய ஞானோபதேசத்தில் கைவிடவில்லை என்பதையும், களவைப் பற்றிய ஏழாங் கட்டளையில் (சி.எஸ்.ஐ. அன்பர்கள் எட்டு என எண்ணிக்கொள்க) உத்தம மனஸ்தாபம் மட்டும் போதாது, எடுத்ததைத் திருப்பிக் கொடு என்று கத்தோலிக்க மரபு வற்புறுத்தியதையும் அவர் சற்றே சிந்திக்கலாம். சகேயு அழுததாகச் சுவிசேஷத்தில் இல்லை. நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகச் சொன்னதே இருக்கிறது. நாமோ எழுப்புதல் கூட்டங்களில் சிந்தும் கண்ணீரையே மனந்திரும்புதலாக எண்ணப் பழகிவிட்டோம்.

திருப்பிச் செலுத்துவதை நாம் மறந்தாலும் மறவாதவர் உண்டு. ஆரணியாற்றங்கரையில் நாம் கூடியிருக்கும் இந்தப் பெரியபாளையத்திற்கு ஆடி மாதத்தில் வந்து, வேப்பஞ்சேலை உடுத்திப் பவானியம்மனை வலம்வரும் ஏழைப் பெண்ணை நம்மவர் சிலர் இளக்காரமாகப் பேசக் கேட்டிருக்கிறேன். அவள் செலுத்துவதற்குப் பெயர் நேர்த்திக்கடன். நம்முடைய கர்த்தருடைய ஜெபத்திலும் புராட்டஸ்தாந்தர் பலர் சொல்வது 'கடன்' என்றே. கத்தோலிக்கர் சொல்வது 'குற்றம்'. இவ்விரண்டில் எது மூலத்திற்கு நெருங்கியது என்று நாம் வாதிட்டோமேயன்றி, கடன் என்றால் அடைக்க வேண்டும் என்னும் எளிய செய்தியை விட்டுவிட்டோம். 1742 முதல் சென்னையில் ஊழியஞ்செய்து, வேதாகமத்தைத் தமிழாக்கிய பப்ரீசியுஸ் ஐயர், தம்மை நம்பி ஒப்படைக்கப்பட்ட பணத்தைக் கடனாகக் கொடுத்து இழந்து, முதுமையில் கடன்காரர் சிறையில் இருந்தார். அவரைப் புகழும் நம் சரித்திரங்கள் இவ்விடத்தை இரண்டு வரிகளில் கடக்கின்றன. ஆத்துமப் பொறுப்பைப் பற்றிய மாநாட்டில் அவரைக் குறித்து ஒரு கட்டுரையும் இல்லாதது எனக்கு வியப்பே.

ஆதலின் அமைப்பாளருக்கு ஒரு விண்ணப்பம். நாளைப் பிற்பகல் அமர்வைக் கட்டுரைகளுக்கு ஒதுக்காமல், அந்த ஏழாங் கட்டளைக்கு நம் காலக் கேள்விகளை எழுத ஒதுக்குங்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளியின் கூலியில் பிடித்தம் செய்பவனிடமும், திருச்சபைச் சொத்தின் வாடகைக் கணக்கை வைத்திருப்பவனிடமும் போதகர் என்ன கேட்க வேண்டும் என்பதைத் தொகுப்போம். முதற்கேள்வியை என் நண்பரே எழுதித் தருவாராக.