ஒன்பதரை மணி நாடகமும் உயர்தரப் பிள்ளையும்

(மட்டக்களப்பு, வந்தாறுமூலையில் நடந்த பெற்றோர் - பிள்ளைகள் சந்திப்பில், தோட்டப் பாடசாலை ஆசிரியரும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை.)



பசறை, லுணுகலைப் பக்கமிருந்து விடியுமுன்னே பஸ் ஏறி வந்தவர்கள் இருக்கிறீர்கள். 1958க்கும் 1977க்கும் பிறகு மலையை விட்டு இறங்கி இந்த மாவட்டத்திலேயே குடியேறிய குடும்பங்களும் வந்திருக்கிறீர்கள். பெற்றோர் கூட்டத்தை எதற்காக வாவிக்கரை வரை கொண்டுபோய் வைக்கிறீர்கள் என்று சில தலைவர்மார் எங்களைக் கேட்டார்கள். பேராதனையில் புறப்பட்டு, புசல்லாவை, நுவரெலியா, பதுளை, பிபிலை, மகாஓயா என்று வருகிற ஏ5 வீதி முடிகிற இடம் செங்கலடி. அங்கிருந்து கிழக்குப் பல்கலைக்கழகம் சில கிலோமீற்றர்தான். நம்மில் பலருடைய தோட்டத்தை ஒட்டிப் போகிற அதே ரோட்டுதான் இங்கே வந்து நிற்கிறது. "பொம்பளப் புள்ளய அவ்வளவு தூரம் எப்படிங்க அனுப்புறது" என்று சொல்கிற அப்பாமார், அந்தத் தூரம் எவ்வளவு என்று ஒருமுறை தாங்களே வந்து பார்க்கட்டும் என்றுதான் இங்கே வைத்தோம்.

இன்று நாங்கள் பேச வந்த விசயம் இரண்டு. ஒன்று, உயர்தரம் எழுதிய பிள்ளை பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கிற காலத்தில் வீட்டில் நாம் என்ன செய்ய வேண்டும் என்பது. மற்றது டீவி. சிரிக்கிறீர்கள். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று போகப்போகத் தெரியும்.

பிள்ளை உயர்தரத்துக்கு வந்ததும் பல வீடுகளில் முதலில் நடப்பது டிஷ்ஷைக் கழற்றுவது. "ரெண்டு வருசத்துக்கு இந்த வீட்டுல டீவி இல்ல." நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் நடப்பதைப் பாருங்கள். அம்மா ஒன்பதரைக்குப் பக்கத்துக் காம்பராவுக்குப் போய் நாடகம் பார்க்கிறார். அப்பா போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போகிறார். பிள்ளை தனியாகப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் ஓடுகிற அதே நாடகத்தைக் காதால் பார்க்கிறது. லயத்துச் சுவர் எவ்வளவு கனம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. படிப்பு கூடியதா என்றால் இல்லை. மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்திருந்த அரைமணி நேரம் போனதுதான் மிச்சம்.

அந்த அரைமணி நேரத்தை விடாதீர்கள் என்றுதான் நாங்கள் சொல்கிறோம். பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளை "அப்பா, உட்காருங்க, என் எதிர்காலத்தப் பத்திப் பேசணும்" என்று எந்த வீட்டில் சொல்கிறது? மலையிலிருந்து வந்து முதுகு நிமிர்த்த முடியாமல் படுத்திருக்கிற அம்மாவிடம் எந்த நேரத்தில் சொல்வது? ஆனால் டீவிக்கு முன்னால் வாய் திறக்கும்.

'எதிர்நீச்சல்' நாடகத்தை எடுத்துக்கொள்வோம். சன் டீவியில் 2022இல் தொடங்கி 2024இல் முடிந்து, பிறகு இரண்டாம் பாகமும் வந்தது. படித்த பெண்களை மருமகளாகக் கொண்டுவந்து அடுப்படிக்குள் வைத்திருக்கிற ஒரு வீட்டின் கதை. ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் இறந்தபோது, அதுவரை அந்த ஆளைத் திட்டித் தீர்த்த நம் பெண்கள் கண்ணைத் துடைத்ததை நாங்கள் பார்த்தோம். இதை எடுத்த திருச்செல்வம்தான் 'கோலங்கள்' எடுத்தவர். அது 2003இல் தொடங்கியது. இன்று உயர்தரப் பிள்ளைகளின் தாய்மாராக இங்கே உட்கார்ந்திருக்கிற பலர் அன்று பாவாடை சட்டையோடு, டீவி இருக்கிற ஒரே வீட்டின் வாசலில் நின்று அபியைப் பார்த்தவர்கள். கட்டடத் தொழிலில் ஒரு பெண் தானாக நிமிர்ந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை பிரட்டுக் களத்துக்குப் போனவர்கள். அந்த ஆசை எங்கே போனது என்று உங்கள் மகளுக்குச் சொல்லியிருக்கிறீர்களா? சொல்லுங்கள். எங்கள் வகுப்பறைப் பேச்சைவிட அது ஆழமாக இறங்கும்.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம், பெயர் வேண்டாம். நாடகத்தில் வேலைக்குப் போகக் கேட்ட பெண்ணைத் தடுக்கிறார்கள். மகள் டீவியைப் பார்த்தபடியே, "அவ போனா என்னவாம்?" என்றாள். தகப்பன் உடனே, "போகட்டுமே, படிச்ச பிள்ள தானே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மகள், "அப்ப நான் வந்தாறுமூலைக்குப் போனா?" என்றாள். மனுசனுக்குப் பதில் வரவில்லை. விளம்பரம் வந்தது, எழுந்து வெளியே போய்விட்டார். ஆனால் கேள்வி வீட்டுக்குள் வந்துவிட்டது. இரண்டு வாரம் கழித்து அவர் எங்களிடம் வந்து கேட்டது விடுதியைப் பற்றி. இன்று அந்தப் பிள்ளை இங்கே இரண்டாம் வருடம்.

நாடகமெல்லாம் நல்லது என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரு கதவைத் திறக்க மூன்று நாள் எடுக்கிற நாடகங்கள் இருக்கின்றன. விஜய் டீவியின் 'நீயா நானா'வில், கோபிநாத் பெற்றோரை ஒரு பக்கமும் பிள்ளைகளை மறுபக்கமும் உட்கார வைத்துப் பேச வைக்கும்போது நல்ல கேள்விகள் வருகின்றன. ஆனால் பிள்ளை அழுகிற முகத்தைக் கிட்டக் காட்டுவது எங்களுக்குப் பிடிப்பதில்லை. உங்கள் வீட்டில் அதே கேள்வியைக் கமெரா இல்லாமல் கேளுங்கள், போதும்.

இனி விண்ணப்பத்துக்கு வருவோம். இங்கேதான் காதை நன்றாகத் தீட்ட வேண்டும்.

"என் பிள்ளைக்கு மூன்று பாடமும் சித்தி, ஏன் கிடைக்கவில்லை?" என்று ஒவ்வொரு வருடமும் கேட்கிறீர்கள். 2001 முதல் அனுமதிக்குப் பார்ப்பது இசட் புள்ளி. அது என்ன? எல்லோரும் 25 கிலோ எடுக்கிற நல்ல மலையில் நீங்கள் 20 கிலோ எடுக்கிறீர்கள். எல்லோரும் 12 கிலோவுக்கே திண்டாடுகிற வறண்ட மலையில் இன்னொருவர் 20 கிலோ எடுக்கிறார். தராசில் இரண்டும் 20தான். ஆனால் யார் கை கெட்டிக்காரக் கை? இசட் புள்ளி பார்ப்பது அதைத்தான். அந்தப் பாடம் எழுதிய எல்லோருடைய சராசரியிலிருந்து உங்கள் பிள்ளை எவ்வளவு மேலே, மற்றவர்கள் எவ்வளவு பரவி நிற்கிறார்கள் என்று கணக்கிட்டு, மூன்று பாடத்துக்கும் சேர்த்து ஓர் எண் தருகிறார்கள். ஆகவே பக்கத்து வீட்டுப் பிள்ளையின் 'ஏ'யையும் உங்கள் பிள்ளையின் 'பி'யையும் வைத்துச் சண்டை பிடிக்காதீர்கள்.

அடுத்தது மாவட்டம். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீத இடம் அகில இலங்கைத் திறமை வரிசையில் போகிறது. 55 சதவீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி பிரிகிறது. மிச்சம் 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பு அதில் இருக்கிறது. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி, மொனராகலையும் இருக்கின்றன. கலைத்துறைக்கு விதி வேறு. எழுபதுகளின் தரப்படுத்தலைப் பற்றிக் கசப்போடு பேசுகிற பெரியவர்கள் இருக்கிறீர்கள், அது தனிக் கதை, இன்னொரு நாள் பேசுவோம். இன்று தெரிந்துகொள்ள வேண்டியது, உங்கள் பிள்ளையை எந்த மாவட்டத்துப் பிள்ளையாகக் கணிப்பார்கள் என்பது. அதற்கு அது படித்த பாடசாலை முக்கியம். கடைசி நேரத்தில் கண்டிக்கோ கொழும்புக்கோ பாடசாலை மாற்றுவதற்கு முன் அதிபரிடம் கேளுங்கள்.

பெறுபேறு வந்ததும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு கைந்நூலை வெளியிட்டு, இணையத்தில் விண்ணப்பம் கோரும். காலம் சில வாரங்கள்தான். 2024 நவம்பரில் வெள்ளத்தால் உயர்தரப் பரீட்சையே இடையில் நின்று டிசம்பரில் மறுபடி தொடங்கியது ஞாபகமிருக்கும். மழையோ, மின்வெட்டோ, சிக்னல் இல்லாத மலையோ, எது வேண்டுமானாலும் வரலாம். கடைசி நாளுக்கு வைக்காதீர்கள்.

நம் வீடுகளில் பிள்ளையின் புள்ளியைவிட அதிகம் காலை வாருவது பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலை இடாப்பில் இன்னொன்று, அடையாள அட்டையில் மூன்றாவது. தகப்பன் பெயர் ஈ.பி.எஃப். புத்தகத்தில் ஒரு மாதிரி, கல்யாணச் சான்றிதழில் வேறு மாதிரி. யாரோ ஒரு கிளாக்கர் காதில் விழுந்தபடி எழுதிய எழுத்து, இருபது வருடம் கழித்துப் பிள்ளையின் வழியில் வந்து நிற்கிறது. பிள்ளை பத்தாம் ஆண்டில் இருக்கும்போதே எல்லாவற்றையும் மேசையில் பரப்பி ஒத்துப் பாருங்கள். திருத்த வேண்டியிருந்தால் பிரதேச செயலகத்துக்கு அலைய வேண்டும், அலைந்தால் அன்றைய பேர் போகும். தோட்டத்துச் சம்பளத்தில் ஒரு பேர் என்பது சின்னக் காசில்லை என்று எங்களுக்குத் தெரியும். அதனால்தான் இந்த வேலையைத் தனித்தனியாகச் செய்யாமல், ஒரு தோட்டத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒருவரிடம் கொடுத்து அனுப்பக்கூடியதை அனுப்புங்கள் என்கிறோம். கையொப்பத்துக்கு ஆள் போக வேண்டியதற்கு மட்டும் ஆள் போகட்டும்.

விருப்ப வரிசை. ஒவ்வொரு கற்கைநெறிக்கும், ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனிக் குறியீட்டு எண் உண்டு. பிள்ளை அவற்றை விருப்பப்படி வரிசையாக எழுத வேண்டும். மேலே எழுதியது கிடைத்தால் கீழே எழுதியதைப் பார்க்க மாட்டார்கள். வீட்டில் பெரிய சண்டை இங்கேதான். "டொக்டர், இல்லாட்டி ஒண்ணுமே வேணாம்" என்கிற அப்பா. "வீட்டுக்குக் கிட்ட இருந்தா போதும்" என்கிற அம்மா. கூட்டாளி போட்டதையே போடுகிற பிள்ளை. கைந்நூலில் போன வருட வெட்டுப்புள்ளிகள் மாவட்டவாரியாக இருக்கும். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள், குரல் தானாக இறங்கும்.

இங்கே பாட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2023இல் ஜீ தமிழின் சரிகமப லிட்டில் சாம்ப்ஸ் மேடையில் புசல்லாவைத் தோட்டத்துப் பிள்ளை அசானி பாடியபோது நம் தோட்டங்களில் யார் தூங்கினார்கள்? யாழ்ப்பாணத்துப் பிள்ளை கில்மிஷா பட்டம் வென்றபோது பட்டாசு போட்டோம். மறுநாள் நம் வீட்டுப் பிள்ளை "சங்கீதம் படிக்கவா?" என்று கேட்டால், "பாட்டுப் படிச்சு என்ன சாப்பிடுறது?" என்கிறோம். இங்கிருந்து மட்டக்களப்பு நகருக்குப் போய், பாலத்தைக் கடந்தால் கல்லடி. அங்கே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. காரைதீவில் பிறந்து, 'யாழ் நூல்' எழுதி 1947இல் வெளியிட்ட அந்த மனிதரின் பெயரில். இசை, நடனம், நாடகம், கட்புலக் கலை எல்லாம் அங்கே பட்டப்படிப்பு. உளச்சார்புப் பரீட்சைக்கு நேரில் வர வேண்டும், அதன் திகதியைத் தவறவிட்டால் மற்றது எதுவும் உதவாது. சங்கீத ஆசிரியர் இல்லாத தோட்டப் பாடசாலைகளில் நாங்களே பாட்டும் சொல்லிக்கொடுக்கிறோம். எங்கள் குரலைக் கேட்ட பிள்ளைகளுக்குத் தெரியும் நிலைமை எவ்வளவு மோசமென்று.

காசு. இலவசக் கல்வி நாடு, கற்கைக் கட்டணம் இல்லை. ஆனால் சாப்பாடு, பஸ், அறை இருக்கிறது. மகாபொல உதவித்தொகையை 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆக்கினார்கள். அது எல்லாவற்றுக்கும் போதாது. அதை வைத்து வீட்டில் கணக்குப் போடுங்கள், ஆனால் கணக்கைப் பிள்ளைக்கு மறைக்காதீர்கள். "காசப் பத்தி நீ யோசிக்காத" என்று சொன்னால் பிள்ளை அதைத்தான் யோசிக்கும்.

கிடைக்காவிட்டால்? மூன்று தடவை எழுதலாம். பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி இருக்கிறது, இங்கே தாழங்குடாவில் மட்டக்களப்புக் கல்வியியல் கல்லூரி இருக்கிறது, தொழில்நுட்பக் கல்லூரிகள் இருக்கின்றன, திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. பெறுபேறு வந்த அன்று இரவு மட்டும் இந்தப் பட்டியலைப் பிள்ளையிடம் வாசிக்க வேண்டாம். அன்றைக்குச் சோறு போட்டு, பிள்ளைக்குப் பிடித்ததை டீவியில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.

கடைசியாக லயத்துக்கு ஒரு கோரிக்கை. பரீட்சைக்கு முந்திய இரண்டு மாதம், உயர்தரப் பிள்ளை இருக்கிற லயத்தில் இரவு எட்டு மணிக்குப் பிறகு டீவிச் சத்தத்தைக் குறைப்பது என்று மாதர் சங்கத் தலைவிமார் வீடு வீடாகப் பேசி முடிவெடுங்கள். ஒன்பதரை நாடகத்துக்கு நான்கு வீடு ஒரு வீட்டில் கூடினால் மூன்று டீவி ஓயும். சம்பளத்துக்கு ஒன்றாக ரோட்டில் இறங்குகிறவர்களுக்கு இது பெரிய காரியமில்லை. இரண்டு தோட்டங்களில் செய்து பார்த்தாயிற்று. முதல் வாரம் முணுமுணுத்தார்கள், பிறகு யார் வீட்டில் தேத்தண்ணி நல்லது என்றுதான் பேச்சு.

இங்கே படிக்கிற நம் மலையகப் பிள்ளைகள் ஆறு பேர் அந்த ஜன்னல் பக்கம் இருக்கிறார்கள். விடுதி, சாப்பாடு, பகிடிவதை, எதைப் பற்றியும் அவர்களிடம் கேளுங்கள். அப்பாமார் கேட்கத் தயங்கினால் பிள்ளைகள் கேட்கட்டும். அடையாள அட்டை, சான்றிதழ் கொண்டுவந்தவர்கள் கதவுப் பக்க மேசைக்கு வாருங்கள், பெயர் ஒத்துப் பார்க்கலாம். லுணுகலைக்குத் திரும்புகிற பஸ் முதலில் புறப்படுகிறது, அந்த ஆட்களுக்கு முதலில் இடம் விடுங்கள்.