தரங்கம்பாடியில் குடியிருத்தல்



தஞ்சை நாயக்க மன்னர் ரகுநாதரின் சம்மதத்துடன் 1620-ஆம் ஆண்டில் டேனிஷ்காரர்கள் கோட்டை எழுப்பி, இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் வாணிபம் நடத்தி, 1845-இல் ஆங்கிலேயருக்கு விலைக்கு விற்றுவிட்டுப் போன தரங்கம்பாடியிலே, 1792-இல் கட்டப்பட்ட நகர வாயிலைத் தாண்டி ராஜவீதி வழியே கிழக்கு நோக்கி நடப்பவரை, பருத்த தூண்களும் விசாலமான தாழ்வாரங்களும் உடைய வீடுகளுக்கு அப்பால் எதிர்கொள்வது கடலோசை ஒன்றுதான். 1706-இல் இங்கே வந்திறங்கிய சீகன்பால்கு என்ற ஜெர்மானியப் பாதிரியார், தமிழ் கற்று, அச்சுக்கூடம் நிறுவிப் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டதும் இவ்வூரில்தான். அத்தனை பரபரப்பு ஒரு காலத்தில்!

வியாபாரம் க்ஷீணித்தது, மயிலாடுதுறையிலிருந்து வந்துகொண்டிருந்த ரயிலும் 1986-இல் நின்றுபோயிற்று; ஊரில் நிசப்தம் குடிகொண்டது. நிசப்தத்தை நாடி வருகிற நகரவாசிகள் அதை மெச்சுவது சுலபம். உப்புக் காற்று வீட்டு இரும்பையும் காரையையும் ஓயாமல் அரித்துக்கொண்டிருக்க, மேற்படிப்புக்கும் பெரிய வைத்தியத்துக்கும் மயிலாடுதுறைக்கோ காரைக்காலுக்கோ பஸ் ஏற வேண்டியிருக்கிற உள்ளூர்க்காரர்களுக்கோ அது இனாமாகக் கிடைத்ததல்ல. அப்படியிருந்தும், அவசரமின்றி வாழத் தெரிந்தவர்களுக்கு இதைவிடச் சௌக்கியமான ஊர் சோழநாட்டுக் கரையில் அதிகம் இல்லை என்பது என் அபிப்பிராயம். போகிறவர்கள் கோட்டையோடு திரும்பிவிடாமல், 1306-இல் எழுந்து, முன்பகுதியைக் கடலுக்குப் பறிகொடுத்த மாசிலாமணி நாதர் கோயிலையும் தரிசித்து வாருங்கள்.