ஒருபகற் பாய்ச்செலவு



2024ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் கோவாவிலிருந்து ‘தாரிணி’ என்னும் பாய்க்கலம் புறப்பட்டது. அதிற் சென்றோர் இந்தியக் கடற்படையின் பெண் அலுவலர் இருவர். ஒருவர் கேரளத்துத் தில்னா. மற்றவர் புதுவையைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி. 56 அடி நீளமே உள்ள அக்கலத்தில், காற்றையே துணையாகக் கொண்டு உலகை வலம்வந்து, 2025 மே 29ஆம் நாள் அவர்கள் கோவா மீண்டனர். புதுவை பெருமிதம் கொள்ளத்தக்க நிகழ்ச்சி இது. எனினும் இவ்வுரையின் பொருள் அத்தகைய பெருஞ்செலவு அன்று. விடியலிற் புறப்பட்டுப் பொழுது சாய்வதற்குள் புறப்பட்ட மணலுக்கே மீளும் சிறுசெலவே ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுகிறது. ‘செலவு’ என்பது பயணத்தைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல் என்பதைப் பாவலர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

சிறுசெலவு பெருஞ்செலவின் குறைவடிவம் அன்று. நெடும்பாட்டின் துண்டு குறும்பாட்டு ஆகாதவாறு போல, ஒருபகற் செலவும் தனக்கென ஒரு தொடக்கமும் திருப்பமும் முடிவும் உடையது. சோழமண்டலக் கடற்கரையில் நெடுங்காலம் நாள்தோறும் நிகழ்ந்தது இச்செலவே. கடலைப் பற்றித் தமிழ் அறிந்தவற்றுள் பெரும்பகுதி இதனால் அறியப்பட்டதே எனலாம்.

கலமும் சொல்லும்

அம்பி, திமில், பஃறி, தோணி, புணை, வங்கம், நாவாய், கலம் என நீரூர்திகளுக்குப் பழந்தமிழில் பெயர் பல. பாய்க்கு ‘இதை’ என்றும், பாய்மரத்துக்குக் ‘கூம்பு’ என்றும், கலம் செலுத்துவோனுக்கு ‘நீகான்’, ‘மீகாமன்’ என்றும் பெயர்கள் வழங்கின. காற்றை ஏவல்கொண்டு கலம் செலுத்தியவரின் வழித்தோன்றல் என்று கரிகாலனைப் புறநானூற்றிற் குறித்தவர் வெண்ணிக்குயத்தியார். பாயைக் களையாமலே பெருங்கலம் ஆற்றுமுகத்துட் புகும் காட்சியை அதே நூலிற் காட்டியவர் உறையூர் முதுகண்ணன் சாத்தனார்.

புதுவைக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேடு, 1945இல் மார்ட்டிமர் வீலர் நிகழ்த்திய அகழாய்வால் உலகறிந்த இடம். கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலாகிய ‘பெரிப்ளூசு’ இக்கரையிற் குறிக்கும் ‘பொதுகே’ இதுவே என்பது அறிஞர் பலர் துணிபு. அந்நூல், ஒற்றை மரங்களைப் பிணைத்துச் செய்த ‘சங்கர’ என்னும் பெருங்கலங்களையும் இக்கரைக்குரியனவாகச் சொல்கிறது. மரத்தை மரத்தோடு கட்டிக் கடலிற் செல்லும் அறிவு இக்கரையில் மிகப் பழையது என்பதற்கு இது சான்று.

அவ்வறிவின் எளிய வடிவம் கட்டுமரம். மென்மரத்துண்டுகள் சிலவற்றைச் செதுக்கிக் கயிற்றாற் பிணைத்தது அது. ஆணி இல்லை, அடைப்பு இல்லை. அலை மேலேறினால் இடுக்குகளின் வழியே நீர் வடிந்துவிடும். ஆதலின் நீர் நிறைந்து அமிழ்வது என்பது அதற்கு இல்லை. கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்து மணலில் உலர்த்துவர். ஊறிய மரம் கனக்கும் என்பதால் இவ்வுலர்த்தல் இன்றியமையாதது. நாள்தோறும் கட்டி, நாள்தோறும் அவிழ்க்கப்படும் கலம் ஒருபகற் செலவுக்கென்றே அமைந்தது என்பதை விளக்க வேறு சான்று வேண்டா.

ஆங்கிலேய மாலுமி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயணநூலில் இக்கலத்தைத் தமிழ்ப் பெயராலேயே குறித்தார். பிரெஞ்சுக் கடற்படை அலுவலர் பாரி, 1840களில் வெளியான தம் பெருநூலில் இதனை வரைபடமாக்கினார். 1876இல் அமெரிக்கக் கலவினைஞர் எர்ரெசாஃப், இரண்டு உடல்களைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்து ‘அமரில்லிசு’ என்னும் விரைகலத்தைக் கட்டினார். அது நியூயார்க்குப் போட்டியில் மற்றக் கலங்களை முந்தியது. பின்னர் அவ்வகைக் கலத்தைப் போட்டியிற் சேர்க்கலாகாது என விலக்கினர். அவ்வகைக்கு வழங்கிய பெயர் ‘கேட்டமரான்’. ஈருடற் கலம் பசிபிக் தீவினரின் மரபு, பெயரோ தமிழருடையது. அவ்வகைக் கலம் 1976 முதல் ஒலிம்பிக் பந்தயத்திலும் இடம்பெற்றது. சொல் உலகை வலம்வந்தது. பொருளோ பிறந்த கரையில் அருகிவருகிறது.

காற்றின் நாள்முறை

ஒருபகற் செலவை இயலச் செய்வது காற்றின் நாள்முறையே. புதுவைக் கரை வடக்கு தெற்காகக் கிடக்கிறது, கடல் கிழக்கே. இரவில் நிலம் விரைந்து குளிர்கிறது. கடல் அவ்வாறு குளிர்வதில்லை. ஆதலின் பின்னிரவிலும் விடியலிலும் நிலத்திலிருந்து கடல் நோக்கி மெல்லிய கரைக்காற்று வீசும். பகலில் நிலம் சூடேறியதும் இம்முறை மாறி, முற்பகல் கழியுங்கால் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று எழும். வைகறையில் பாயைப் பின்னின்று தள்ளிக் கடலுக்குள் அனுப்புவது ஒன்று. பிற்பகலில் பாயை நிறைத்துக் கரைக்கு மீட்பது மற்றொன்று. போக்கும் வரவும் காற்றே அளிக்கும் கொடை.

நெய்தலுக்குரிய சிறுபொழுது ‘எற்பாடு’ என்பது தொல்காப்பிய வழக்கு. அதனைப் பொழுது சாயும் பிற்பகல் எனக் கொண்டவர் பலர்; காலை எனக் கொண்டாரும் உளர். காற்றின் நாள்முறையோடு பொருத்தி நோக்குமிடத்து இவ்விரு பொழுதும் நெய்தலுக்கு உரியனவாதல் விளங்கும். கலம் போகும் பொழுது ஒன்று. மீளும் பொழுது மற்றொன்று. இடைப்பட்டது காத்திருப்போரின் பொழுது. இரங்கல் அதன் உரிப்பொருள் ஆனதில் வியப்பில்லை.

இந்நாள்முறை ஆண்டு முழுதும் ஒருபடித்தாக நிற்பதில்லை. தை முதல் வைகாசி வரை ஒருபகற் செலவுக்கு உகந்த காலம். தென்மேற்குப் பருவத்தில் மேல்காற்று வலுப்பெறுவதால் கடற்காற்று காலந்தாழ்த்தே எழும். சில நாள் எழாமலும் போகும். அந்நாளில் வெளியே போதல் எளிது; மீளல் அரிது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை புயற்காலம். 1866இல் எழுந்த பழைய இரும்புப் பாலத்தை வீழ்த்திய 1952ஆம் ஆண்டுப் புயலும், 2011 டிசம்பரில் வந்த ‘தானே’யும், 2024 நவம்பரில் வந்த ‘பெஞ்சல்’லும் இப்பருவத்தனவே.

காற்றுக்கும் தமிழில் பெயர் உண்டு. வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கினது தென்றல், கிழக்கினது கொண்டல், மேற்கினது கோடை. சோளகம், கச்சான் என்பன ஈழத்தில் வழங்கும் காற்றுப் பெயர்கள்.  இவை அணிக்காகப் பிறந்த பெயர்கள் அல்ல. எந்தக் காற்றில் புறப்படலாம், எதில் புறப்படலாகாது என்று அறிவதற்காகப் பிறந்தவை.

செலுத்தும் முறை

சிறுகலத்தின் கருவிகள் சிலவே: பாய், பாய்மரம், பாயைத் தாங்கும் பருமல், பாயை ஏற்றும் ஆஞ்சான், பாயின் கீழ்முனையைப் பிடிக்கும் தாமான், திசை திருப்பும் துடுப்பு அல்லது சுக்கான். இவை யாவும் அகராதிகளில் ஏறிய தமிழ்ச் சொற்கள்.

முதற்சோதனை கரையிலேயே காத்திருக்கும். புதுவையில் இயற்கைத் துறைமுகம் இல்லை. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிய 1736 முதல் 1761 வரையிலான காலத்திலும் கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிட்டன. அலைமடிப்பைக் கடந்து ஆளையும் சரக்கையும் கொண்டுவந்தவை தைத்துக் கட்டிய சலங்குகள். ‘ஆனந்தப்புரவி’ என்னும் கப்பலுக்கு உரிமையாளராய் இருந்த பிள்ளைக்கும் கரைக்கு வர வேறு வழியில்லை. அலைகள் கூட்டமாக வரும். பெரிய அலைகள் சில கடந்தபின் சிறிது தணிவு உண்டாகும். அத்தணிவு நோக்கிக் கலத்தைத் தள்ளுதலே முதற்கலை. கலத்தின் முகம் அலைக்கு நேராக இருத்தல் வேண்டும். சற்றே பக்கம் காட்டினும் அலை புரட்டிவிடும்.

அலை கடந்ததும் பாய் ஏறும். காற்றுக்கு நேரெதிராக எப்பாய்க்கலமும் செல்லவியலாது. இக்காலச் சிறுகலங்கள் ஏறக்குறைய 45 பாகை சாய்ந்து செல்லும்; கட்டுமரத்துக்கு அதனினும் அகன்ற சாய்வு வேண்டும். எனவே காற்று வரும் திசையில் உள்ள இடத்தை அடைய, இடமும் வலமுமாகத் திரும்பித் திரும்பியே செல்லுதல் வேண்டும். அடி தட்டையான கலம் காற்றால் பக்கவாட்டில் ஒதுக்கப்படாதிருக்க, ஒரு பலகையை நீருள் இறக்குவர்.

தாமானை எங்கும் இறுகக் கட்டிவிடலாகாது என்பது தலையாய விதி. திடீரென வன்காற்று மோதினால் அதனை உடனே தளர்த்துதல் வேண்டும். கையில் பிடித்திருப்போர் தளர்த்துவர், கட்டிவைத்தோர் கவிழ்வர். காற்று வலுக்கும் என்ற ஐயம் தோன்றியபொழுதே பாயைச் சுருக்குக. வலுத்தபின் சுருக்குதல் கடினம். இருக்கும் பொழுதில் மூன்றில் ஒரு பங்கையே போவதற்குச் செலவிடுக. மிதப்பு அங்கி, குடிநீர், தலைக்கு மறைப்பு, கரையில் ஒருவரிடம் மீளும் நேரம் சொல்லிச் செல்லுதல் ஆகிய நான்கும் தவறலாகாதவை. கோடைப் பிற்பகலில் மேற்கே கருமுகில் எழுந்தால் அன்றைய செலவு அத்துடன் முடிந்தது எனக் கொள்க.

இன்பம்

இவ்வளவு பாட்டுக்குக் கிடைப்பது என்ன எனில், முதலாவது ஓசை மாற்றம். அலைமடிப்பின் முழக்கம் பின்தங்கியதும் நீர் மரத்தைத் தழுவும் ஒலியும் பாயின் சிறு படபடப்பும் மட்டுமே எஞ்சும். எந்திரப் படகில் இது கிட்டாது. இரண்டாவது, உடம்பு காற்றை அறிதல். கன்னத்திலும் பிடரியிலும் படும் காற்றைக் கொண்டே திசை உணரப்படும். மூன்றாவது, ஊரைக் கடலிலிருந்து காணுதல். 1836இல் ஒளியேற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கமும், கடற்கரைச் சாலையின் வெண்ணிறச் சுவர்களும், அவற்றின் பின்னே தென்னந்தலைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக நகரும். ஓர் உயர்ந்த கட்டடமும் ஒரு மரமும் ஒரே நேர்க்கோட்டில் வருவதைக் குறியாகக் கொண்டே மீனவர் கடலில் தம் இடம் அறிவர். ஊரே அவர்க்கு அளவுகோலாகிறது.

புதுவையில் 1908 முதல் 1918 வரை வாழ்ந்த பாரதியார் காற்றைத் தனிப்பொருளாக்கி வசனகவிதை எழுதினார். பாரதிதாசனின் ‘அழகின் சிரிப்பு’ கடலுக்கும் தென்றலுக்கும் தனித்தனி இடம் தந்தது. அவர்க்குப் பின்வந்தோர் கடலைப் பாடாமல் இல்லை. ஆயினும் அவர்தம் பாக்களிற் பல கடற்கரைச் சாலையின் கைப்பிடிச் சுவரில் அமர்ந்து கண்ட கடல். கடலிலிருந்து கண்ட புதுவை இன்னும் பாடப்பெற வேண்டியதாகவே உள்ளது.

அருகும் பாய்

1980களில் கட்டுமரங்களிலும் எந்திரம் பொருத்தப்படலாயிற்று. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாகக் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. எந்திரம் மீனவரின் உழைப்பையும் இடரையும் குறைத்தது. அதனைப் பழித்தல் கரையில் இருப்போர்க்குத் தகாது. பாய் அவர்க்கு அழகுப்பொருள் அன்று, வயிற்றுப்பாடு. எனவே பாய்க்குத் திரும்புக என அவர்க்கு அறிவுரை கூறும் தகுதி எவர்க்கும் இல்லை.

கரையும் மாறிற்று. 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்றுமுகத்தில் துறைமுகத்துக்கென அலைத்தடுப்புகள் எழுந்தன. ஆண்டுதோறும் வடக்கு நோக்கி நகரும் மணல் அங்குத் தடைப்பட்டது. வடக்கே நகர்க்கரையின் மணல் அரித்துச் செல்லப்பட்டது. மணல் இருந்த இடத்தில் கருங்கற்கள் குவிக்கப்பட்டன. கல்லின்மேல் கட்டுமரத்தை ஏற்றவியலாது. அவிழ்த்து உலர்த்தவும் இடமில்லை. 2018இல் கடலடியில் அமைக்கப்பட்ட எஃகுத் திட்டின் பயனாகத் தலைமைச் செயலகத்தின் முன் மணல் ஓரளவு மீண்டது ஆறுதலான செய்தி. வடக்கே குருசுக்குப்பத்துக்கும் வைத்திக்குப்பத்துக்கும் அப்பால், நகருக்கு வெளியே, அரிப்பு இன்னும் கவலைக்குரியதே.

பாய் போனால் துணியும் கயிறும் மட்டும் போவதில்லை. எந்திரத்துக்குத் தாமான் வேண்டா; ஆஞ்சான் வேண்டா; பருமல் வேண்டா. கொண்டலா, கோடையா என்று விடியலில் முகர்ந்து பார்க்க வேண்டிய தேவையும் குறைகிறது. தேவை குறைந்த சொல் முதலில் இளையோர் நாவை விட்டு நீங்கும். பின்னர் முதியோர் நினைவை விட்டும் நீங்கும். அகராதியில் எஞ்சியிருப்பது சொல்லின் உடம்பு; அதனை ஆளும் கையோடு அதன் உயிரும் போய்விடும்.

ஆதலின் வட்டத்தின் அடுத்த பத்தாண்டுக்குரிய பணிகளுள் ஒன்றாக இதனைக் கொள்ளுதல் தகும். பாய் விரித்துச் சென்ற முதியோர் வம்பாகீரப்பாளையத்திலும் வீராம்பட்டினத்திலும் நல்லவாட்டிலும் இன்றும் உளர். அவர்களிடம் சென்று காற்றின் பெயர், நீரோட்டத்தின் பெயர், கயிற்றின் பெயர், முடிச்சின் பெயர் ஆகியவற்றை அவர்தம் வாய்மொழியிலேயே கேட்டுப் பதிவுசெய்தல் முதற்பணி. அவர்கள் அழைத்துச் செல்ல இசைந்தால், அலை தணிந்த ஒரு மாசி விடியலில் உடன்சென்று, பிற்பகலில் மீளுதல் இரண்டாவது பணி. கேட்ட சொல்லும் ஆண்ட சொல்லும் ஒன்றல்ல என்பதைத் தாமானைப் பற்றிய கை அறியும். பாட்டு எழுதுதல் அதன்பின் தானே நிகழும்.