முதலில் தீர வேண்டிய வினா



சேக்கிழார் பெருமானின் பெரியபுராணத்திலே ஒரு வழக்கு வருகின்றது. புத்தூரிலே சுந்தரரின் திருமணம் தொடங்கும் வேளையில் முதிய அந்தணர் ஒருவர் வந்து, மணமகன் தமக்கு அடிமை என்று கூறி ஓலை ஒன்றைக் காட்டினார். சுந்தரர் அதனைப் பறித்துக் கிழித்தெறிந்தார். கிழவர் விடுவதாக இல்லை. அவருடைய ஊர் திருவெண்ணெய்நல்லூர் என்று தெரிந்ததும், அப்படியாயின் வழக்கை அங்கேயே பேசுவோம் என்றார் சுந்தரர். இருவரும் அவ்வூர்ச் சபையை அடைந்த பின்னரே மூல ஓலை வெளிப்பட்டது, பாட்டனாரின் கையெழுத்து ஒப்புநோக்கப்பட்டது, தீர்ப்பும் பிறந்தது. ஓலை மெய்யா பொய்யா என்ற ஆராய்ச்சிக்கு முன்னரே, வழக்கைக் கேட்கும் சபை எது என்பது முடிவாகிவிட்டது.

இந்த ஒழுங்குமுறை இன்றைய நீதிமன்றங்களிலும் உண்டு. ஒரு வழக்கைக் கேட்டுத் தீர்க்க ஒரு நீதிமன்றத்துக்குள்ள அதிகாரத்தை நியாயாதிக்கம் என்பர். அந்த வினா தீராமல், தடைக்கட்டளை கேட்பதும், சாட்சிகளை அழைப்பதும், கணக்குப் பார்ப்பதும் அத்திவாரம் இடாமல் சுவர் எழுப்புவதை ஒக்கும்.

ஆரையம்பதியிலே கைத்தறி நெசவாளர் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கொழும்பு வணிகர் ஒருவர் நேரில் வந்து பேசி, விலை முடித்து, சேலைகளைக் கடனாகக் கொண்டு செல்கின்றார். தவணை கடந்தும் பணம் வரவில்லை. நெசவாளர் எங்கே வழக்கிடுவது? மட்டக்களப்பு மாவட்ட நீதிமன்றம் அவருக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ளது. கொழும்போ 300 கிலோமீற்றருக்கும் அப்பால். ஒவ்வொரு தவணைக்கும் அங்கே போய் வருவதென்றால், தறி நிற்கும். வழிச்செலவும் தங்குசெலவும் வரவேண்டிய கடனையே விழுங்கிவிடும்.

இதற்கு விடை இலங்கையின் 1889 ஆம் ஆண்டுக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 9 ஆம் பிரிவிலே உள்ளது. எதிராளி வசிக்கும் இடம், வழக்குக்குரிய காணி அமைந்துள்ள இடம், வழக்குக்கான காரணம் எழுந்த இடம், நிறைவேற்றக் கோரும் ஒப்பந்தம் செய்யப்பட்ட இடம் என நான்கினை அது கூறுகின்றது. இவற்றுள் ஒன்று நீதிமன்றத்தின் எல்லைக்குள் அமைந்தாலே போதும். எதிராளி கொழும்பில் வசிப்பதால் அங்கும் வழக்கிடலாம். ஒப்பந்தம் ஆரையம்பதியில் முடிந்ததால் மட்டக்களப்பிலும் வழக்கிடலாம். பணம் செலுத்தும் இடம் குறிக்கப்படாதபோது, கடன்பட்டவரே கடன் கொடுத்தவரைத் தேடிச் சென்று செலுத்த வேண்டும் என்ற கோட்பாடும் இலங்கை நீதிமன்றங்களில் வழங்கி வந்துள்ளது. அதுவும் நெசவாளருக்குத் துணையாகும்.

ஆனால், இவ்வுரிமையை வாய்ச்சொல்லால் நிலைநாட்ட இயலாது. நீதிமன்றத்துக்கு நியாயாதிக்கம் தரும் விவரங்களை வழக்குரையிலேயே எடுத்துரைக்க வேண்டும் என்கிறது 45 ஆம் பிரிவு. அதனை மறுக்க விரும்பும் எதிராளி தமது மறுமொழியில் தனியாகவும் தெளிவாகவும் மறுக்க வேண்டும் என்கிறது 76 ஆம் பிரிவு. சட்டம் பற்றிய எழுவினாவைக்கொண்டே வழக்கு முடியக்கூடுமென நீதிமன்றம் கருதினால், அதனையே முதலில் விசாரிக்க வேண்டும் என்பது 147 ஆம் பிரிவு. எதிராளி நியாயாதிக்கத்தை மறுக்காமல் மறுமொழி அளித்துவிட்டால், பின்னர் அந்த ஆட்சேபத்தைக் கிளப்ப முடியாது என்று 1978 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின் 39 ஆம் பிரிவு விதிக்கின்றது. தோற்கும் தறுவாயில் மன்றமே பிழை என்று கூறும் தந்திரத்துக்கு இது ஒரு கடிவாளம். எனினும், சட்டம் ஒரு நீதிமன்றத்துக்கு அறவே கொடுக்காத அதிகாரத்தை எவருடைய மௌனமும் கொடுத்துவிடாது.

மன்றம் தவறினால் வரும் கேடு அலைச்சலோடு முடிவதில்லை. காலவரையறைச் சட்டம் எழுத்திலான ஒப்பந்தத்துக்கு 6 ஆண்டும், எழுத்திலில்லாத ஒப்பந்தத்துக்கு 3 ஆண்டும் வழங்குகின்றது. விற்று ஒப்படைத்த சரக்கின் விலைக்கோ 1 ஆண்டே உண்டு. உரிய நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்லும்படி வழக்குரை திருப்பிக் கொடுக்கப்படும் நாளில், அந்த ஓராண்டு கடந்தும் போயிருக்கலாம். நியாயம் இருந்தும் வழக்கு இழந்தவராக நெசவாளர் வீடு திரும்ப நேரும்.

இவ்வினா எவ்வளவு காலத்தைத் தின்னக்கூடும் என்பதற்குத் தமிழ்நாட்டின் சேலம் நகரத்து வழக்கொன்று சான்று. அங்குள்ள ஏ.பி. ஏஜென்சீஸ் என்னும் நிறுவனத்துக்கும் குஜராத்தின் ஏ.பி.சி. லாமினார்ட் கம்பனிக்கும் 1974 இல் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. சரிகை போன்ற உலோக நூலை வழங்குவது பற்றியது அது. பிணக்கு மூண்டபோது, சேலம் நிறுவனம் 1975 இல் சேலம் சார்பு நீதிமன்றத்திலே முற்பணத்தையும் நட்டஈட்டையும் கேட்டு வழக்கிட்டது. ஒப்பந்தத்தின் 11 ஆவது வாசகமோ பிணக்குகள் குஜராத்தின் கைரா நியாயாதிக்கத்துக்கு உட்பட்டவை என்றிருந்தது. அதனால் சேலம் நீதிமன்றம் வழக்குரையைத் திருப்பிக் கொடுத்தது. சென்னை உயர்நீதிமன்றம் அதனை மாற்றியது. எதிராளிகள் இந்திய உச்சநீதிமன்றம் சென்றனர்.

1989 மார்ச் மாதத்திலே உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டப்படி நியாயாதிக்கம் இல்லாத நீதிமன்றத்துக்கு இரு திறத்தாரும் உடன்பட்டு அதனை உண்டாக்க முடியாது. நியாயாதிக்கம் உள்ள பல நீதிமன்றங்களுள் ஒன்றைத் தெரிந்துகொள்ள முடியும். ஆனால், இந்த வாசகத்தில் ‘மட்டுமே’ என்பது போன்ற விலக்கும் சொல் இல்லாமையால், சேலத்தின் கதவு மூடப்படவில்லை என்று நீதியரசர்கள் முடிவு செய்தனர். எங்கே கேட்பது என்ற ஒரு வினாவுக்கே 14 ஆண்டுகள் சென்றன! பின்னர் 2013 இல் அதே உச்சநீதிமன்றம், ‘மட்டுமே’ என்ற சொல் இல்லாவிடினும், இடம் குறித்ததிலிருந்தே பிற நீதிமன்றங்களை விலக்கும் நோக்கத்தை உணரலாம் என்று கூறியது. ஆகவே, சொல் இல்லை என்று ஆறுதல் கொள்வதும் இனி அங்கே பாதுகாப்பன்று.

முதலில் தீர வேண்டிய வினா விரைந்தும் தீர வேண்டும் என்பதே இதன் பாடம். வசதி படைத்தவர் கையில் நியாயாதிக்க ஆட்சேபம் காலம் கடத்தும் கருவியாகலாம். வசதியற்றவருக்கோ அது வீட்டுக்கு அண்மையில் நீதி பெறும் உரிமையைக் காக்கும் வேலியாகலாம். அந்த வேறுபாடு ஆட்சேபம் எழும் நேரத்திலும், நீதிமன்றம் அதனைத் தீர்க்கும் வேகத்திலும் தங்கியுள்ளது.

வாவிக் கரையிலே நெல்லும் தேங்காயும் மீனும் துணியும் விற்போருக்கு இதிலிருந்து கொள்ளத்தக்க நடைமுறைகள் சில உண்டு. கையொப்பமிடும் முன் பத்திரத்தின் பின்புறத்தையும் வாசிக்க வேண்டும். சிறிய எழுத்திலே அச்சிட்ட ஒரு வரி நெசவாளரைக் கொழும்புக்கு இழுக்கக்கூடும். பேரம் எந்த ஊரில் முடிந்தது, பணம் எங்கே செலுத்தப்பட வேண்டும் என்பவற்றைத் திகதியோடு எழுதி வைக்க வேண்டும். சட்டம் குறிக்கும் தொகைக்கு உட்பட்ட பிணக்காயின், 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபையை முதலில் நாடி, இணக்கம் ஏற்படாவிடின் அதற்கான சான்றிதழைப் பெற்றே நீதிமன்றப் படியேற வேண்டும். அழைப்பாணை பெற்றவர் அதனைப் பெட்டியிலே வையாமல் அன்றே சட்டத்தரணியிடம் கொண்டு சென்று, இந்த நீதிமன்றத்துக்கு இதைக் கேட்க அதிகாரம் உண்டா என்று முதலில் கேட்க வேண்டும். மறுமொழி அளித்த மறுநாள் அவ்வினாவைக் கேட்டுப் பயனில்லை.