வண்டியின் கண் மங்கினால்

(சிங்கப்பெருமாள் கோவிலில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில், வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இவ்வூருக்குப் பெயர் தந்த நரசிம்மப் பெருமாளுக்கு மூன்று கண்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். தீபாராதனையின்போது அர்ச்சகர் காட்டும் அந்த நெற்றிக் கண்ணைச் சேவிக்க நெடுந்தொலைவிலிருந்தும் மக்கள் வருகின்றனர். பெருமாளுக்கு மூன்று கண்கள். நம் டிராக்டருக்கோ இரண்டே கண்கள். அவ்விரண்டில் ஒன்று அவிந்து பல மாதங்களாகியும், மற்றொன்றை நம்பி இரவில் சாலையேறும் வண்டி எங்கள் ஊரில் இல்லை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லக்கூடியவர்கள் இக்கூட்டத்தில் எத்தனை பேர்?

இவ்வூர் அமைந்துள்ள இடத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். சென்னையிலிருந்து தெற்கே செல்லும் ஜி.எஸ்.டி. பெருஞ்சாலை இவ்வழியே போகிறது. ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்குச் செல்லும் சாலை இங்கேதான் பிரிகிறது. தொழிற்சாலைகளுக்குச் செல்லும் லாரிகளும் கம்பெனி பஸ்களும் இராமுழுதும் ஓடுகின்றன. நெல் மூட்டை ஏற்றிய டிராக்டரும், வைக்கோல் ஏற்றிய வண்டியும், ஊராட்சியின் குடிநீர்த் தொட்டியும் அதே சாலையில்தான் செல்ல வேண்டியிருக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. விளக்கில்லாத டிராக்டரை 50 மீட்டர் தொலைவில்தான் கண்டானென்றால், அந்த ஓட்டுநருக்குக் கிடைப்பது மூன்றே வினாடி. சட்டமும் இதை எண்ணியே வகுக்கப்பட்டிருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 105-ஆவது விதி, சூரியன் மறைந்து அரை மணிக்குப் பின் சாலையில் செல்லும் வண்டியின் ஒளி, முன்னே 155 மீட்டர் வரை ஆளையும் வண்டியையும் தெளிவாகக் காட்ட வேண்டும் என்கிறது.

நாம் முன்பு பணிபுரிந்த வேறொரு வட்டாரத்தில் நிகழ்ந்ததை இங்கே மறைக்காமல் கூறுவோம். அங்கே ஓர் ஊராட்சியின் டிராக்டருக்குப் புதுவர்ணம் பூசி, ஊராட்சியின் பெயரையும் அழகாக எழுதி வைத்தார்கள். சில நாட்களில் முன்விளக்குகள் மங்கின. பல்பு மாற்றினார்கள், பயனில்லை. மறுபடியும் மாற்றினார்கள். மூன்றாம் முறை பல்புக்குச் செலவுச் சீட்டு வந்தபோது, "ஒரு வண்டிக்கு எத்தனை பல்பு?" என்று கேட்டு அதை நிறுத்தி வைத்தவர்கள் நாமே. காகிதம் மேசையில் கிடந்தது. வண்டி இருளில் ஓடியது. ஓர் இரவு, ஆட்டை ஓட்டிக்கொண்டு எதிரே வந்த மூதாட்டியை ஓட்டுநர் கடைசிக் கணத்தில்தான் கண்டார். வண்டியைத் திருப்பினார், டிரெய்லர் பள்ளத்தில் சாய்ந்தது. அம்மூதாட்டிக்கு ஒன்றும் நேரவில்லை. ஓட்டுநருக்குக் கை முறிந்தது. பிறகு ஒரு முதிய மெக்கானிக் வந்து பார்த்தார். விளக்கின் எர்த் ஒயரை வண்டியின் உடலோடு இணைக்கும் போல்ட்டின் அடியில் புதுவர்ணம் படிந்திருந்தது. உப்புத்தாளால் அதைச் சுரண்டி, போல்ட்டை இறுக்கினார். விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. செலவு ஒன்றுமில்லை, ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிட அறிவு நம்மில் ஒருவருக்கும் இல்லாமற் போயிற்று. அதனால்தான் இன்று இப்பொருளைப் பேச எடுத்துக்கொண்டோம்.

ஏரிப் பாசனம் அறிந்த உங்களுக்கு இது கடினமன்று. பாட்டரியை ஏரி என்று கொள்ளுங்கள். சுவிட்ச் மதகு, ஒயர் வாய்க்கால், பல்பு வயல். கடைமடைக்கு நீர் வரவில்லையென்றால் வயலை வெட்டிப் பார்ப்பீர்களா? மதகிலிருந்து வாய்க்காலோடு நடந்து, எங்கே அடைப்பு என்று பார்ப்பீர்கள் அல்லவா? ஒரே ஒரு வேற்றுமை உண்டு. வயலில் பாய்ந்த நீர் அங்கேயே நிற்கலாம். மின்சாரமோ பல்பைக் கடந்து, வண்டியின் இரும்பு உடல் வழியாகப் பாட்டரிக்குத் திரும்பியாக வேண்டும். திரும்பும் வழி அடைபட்டால் அது புறப்படவே புறப்படாது. இத்திரும்பும் வழியையே எர்த் என்கிறோம். பலரும் பார்க்க மறப்பது இதைத்தான்.

ஆகவே, விளக்கு எரியாதபோது பல்பைக் கழற்றுமுன் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலாவது: ஹாரனும் இண்டிகேட்டரும் வேலை செய்கின்றனவா? எல்லாமே செத்துக் கிடந்தால், குறை பாட்டரியிலோ, அதன் முனைகளிலோ, பெரிய பியூசிலோ இருக்கும். முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால், கழற்றிச் சுத்தம் செய்து, இறுக்கி, வாசலின் தடவுங்கள். கழற்றும்போது மைனஸ் முனையை முதலில் கழற்றுவதும், பூட்டும்போது அதைக் கடைசியில் பூட்டுவதும் மறவாத வழக்கமாக இருக்கட்டும்.

இரண்டாவது: ஒரு விளக்கா, இரண்டுமா? ஒன்று மட்டும் எரியாவிட்டால் அந்தப் பக்கத்துப் பல்பு, அதன் இணைப்பு, அதன் எர்த் ஆகியவற்றைப் பாருங்கள். சில வண்டிகளில் பக்கத்துக்கு ஒரு பியூஸ் தனியே உண்டு. இரண்டும் ஒரே நேரத்தில் அணைந்தால், இரண்டு பல்பும் ஒரே கணத்தில் போவது அரிது. பியூஸ், ரிலே, சுவிட்ச் என்ற பொதுவழியைப் பாருங்கள்.

மூன்றாவது: டிம் எரிகிறதா, பிரைட் எரிகிறதா? ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள் இருக்கின்றன. ஒன்று எரிந்து மற்றொன்று எரியாவிட்டால், அந்த இழை அறுந்திருக்கலாம். அல்லது டிம் சுவிட்ச் தேய்ந்திருக்கலாம்.

நான்காவது: அடியோடு அணைந்ததா, மங்கியதா? மங்கிய விளக்கில் பெரும்பாலும் பல்பு குற்றவாளியன்று. பல்புக்குச் சேரும் வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், ஒளி ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு குறைந்துவிடும். துருவும் தளர்ந்த போல்ட்டும் அக்குறைவை உண்டாக்கப் போதும். எஞ்சினை விரைவாக ஓட்டும்போது மட்டும் ஒளி கூடினால், டைனமோ அல்லது ஆல்டர்னேட்டரையும் அதன் பெல்ட்டையும் கவனியுங்கள்.

இவற்றை உறுதி செய்ய, வீட்டிலேயே ஒரு சோதனை விளக்குச் செய்துகொள்ளலாம். 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றும் இரண்டு முழ ஒயர் இரண்டும் போதும். ஹெட்லைட் பல்பின் இணைப்பைக் கழற்றி, சுவிட்சைப் போட்டு, சோதனை விளக்கின் ஒரு முனையை வர்ணமில்லாத இரும்பில் வையுங்கள். மறுமுனையால் இணைப்பின் துளைகளைத் தொடுங்கள். ஒரு துளையிலும் எரியாவிட்டால் வாய்க்காலில் அடைப்பு. ஒயரைப் பின்னோக்கித் தேடிச் செல்லுங்கள். நன்றாக எரிந்தால் மின்சாரம் அதுவரை வந்து சேர்ந்துவிட்டது. அடுத்து, இரும்பில் வைத்த முனையை எடுத்து, இணைப்பிலுள்ள எர்த் துளையில் வையுங்கள். இப்போது மங்கினாலோ அணைந்தாலோ, எர்த் கெட்டுவிட்டது என்பதில் ஐயமில்லை. இரண்டு முறையும் நன்றாக எரிந்தால் மட்டுமே பல்பு வாங்கக் கடைக்குப் போங்கள்.

நம் ஊர் வண்டிகளுக்கென்றே சில பகைகள் உண்டு. சேற்றுழவின்போது தெறிக்கும் சேறு, விளக்கின் பின்புற இணைப்பில் புகுந்து துருவாகிறது. வைக்கோற்போரின் அருகே நிறுத்திய வண்டியில் எலி ஏறி ஒயரைக் கடிக்கிறது. உழவு முடிந்ததும் இணைப்புகளைத் துடைத்து உலர்த்துங்கள். அறுவடைக்கு முன் ஒயர்களைத் தடவிப் பாருங்கள்.

செய்யலாகாதவை மூன்று. பியூஸ் எரிந்தால் செம்புக் கம்பியையோ சிகரெட் தாளையோ வைத்துக் கட்டாதீர்கள். பியூஸ் தான் எரிந்து வண்டியைக் காக்கிறது. கம்பியோ தான் தப்பி வண்டியை எரிக்கும். அதே அளவுள்ள பியூஸ் மறுபடியும் எரிந்தால், எங்கோ ஒயர் உடலைத் தொடுகிறது என்று அறிந்து மெக்கானிக்கை அழையுங்கள். அளவுக்கு மீறிய வாட் உள்ள பல்பைப் போடாதீர்கள். ஹோல்டர் உருகும், எதிரே வருபவன் கண் கூசும். ஹாலஜன் பல்பின் கண்ணாடியை வெறுங்கையால் தொடாதீர்கள். கையின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் சூடேறிப் பல்பு விரைவில் போகும். புதிய எல்.ஈ.டி. விளக்குகளில் பியூசையும் இணைப்பையும் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவற்றைப் பிரிப்பது நம் வேலையன்று.

வழியில் விளக்கு அணைந்தால் செல்போன் ஒளியில் ஊர் சேர்ந்துவிடலாம் என்று துணியாதீர்கள். வண்டியைச் சாலையை விட்டு இடப்பக்கம் இறக்கி, நான்கு இண்டிகேட்டர்களையும் எரியவிட்டு, ஆட்களையும் சாலையிலிருந்து தள்ளி நிற்கச் செய்யுங்கள். சுமை காலையில் போய்ச் சேர்ந்தால் ஒன்றும் கெடாது. முன்விளக்கைப் பார்க்கும் போதே டிரெய்லரின் பின்னேயும் சென்று பாருங்கள். பின்னால் வரும் லாரிக்கு உங்கள் சிவப்பு விளக்கும் ஒளிதிருப்பும் ஒட்டுத்தாளுமே தெரியும்.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு இறுதியாக ஒரு வேண்டுகோள். வண்டிக் கொட்டகையில் ஒரு சிறு பெட்டி வையுங்கள்: அளவறிந்த பியூஸ்கள், மாற்றுப் பல்பு ஒன்று, உப்புத்தாள், சோதனை விளக்கு. அந்தி சாயுமுன் ஓட்டுநர் விளக்குகளைப் போட்டுப் பார்த்து, ஒரு நோட்டில் குறித்துக் கையெழுத்திடட்டும். "எரியவில்லை" என்று அவர் எழுதினால், அன்றிரவு வண்டி புறப்படலாகாது என்று மன்றத்தில் தீர்மானம் செய்யுங்கள். அவர் மூன்றாம் முறை பல்பு கேட்டால், "ஏன் கேட்கிறாய்?" என்று ஐயுறாமல், "வா, எர்த்தைப் பார்ப்போம்" என்று உடன் செல்லுங்கள். அன்று நாம் அதைச் செய்யவில்லை. நீங்கள் செய்வீர்கள் என்ற நம்பிக்கையோடு இவ்வுரையை நிறைவு செய்கிறோம்.